உப்புக்காற்றில் மின்சாரக் கார்: பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை, பிரேக்தான் போனது

பின் சக்கரத்து பிரேக் இரண்டையும் மொத்தமாக மாற்றி, போன வாரம்தான் காரை மதுரையிலிருந்து எடுத்து வந்தேன். அதே வாரத்தில் துபாயில் இருக்கும் தம்பி ஒருத்தன் போன் பண்ணினான். "காக்கா, சின்ன பெட்ரோல் காருக்கெல்லாம் ஜிஎஸ்டி குறைஞ்சிருக்காமே. ஊருக்கு வந்ததும் ஒரு வண்டி எடுக்கணும். உங்களை மாதிரி கரண்ட் வண்டி எடுக்கவா, பெட்ரோலா?" அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உதவும். கடலை விட்டு உள்ளே தள்ளி, அதாவது பரமக்குடிக்கு மேற்கே இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

மாடல் பெயர் வேண்டாம். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள மின்சார எஸ்யூவி என்று தெரிந்தால் போதும். இந்த இரண்டையும் பெருமையாகச் சொல்லித்தான் விற்றார்கள். என்னைப் படுத்தியதும் இந்த இரண்டும்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு மேல் ஓட்டியும் பேட்டரி ஒரு நாள்கூடக் கைவிடவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை மேடு பள்ளம் இல்லாத தட்டையான ரோடு. எழுபதைத் தாண்டாமல் ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் கிடைக்கும். வீட்டு மின்கட்டண ஸ்லாப் ஏறி யூனிட் 9 ரூபாய் ஆனாலும் கிலோமீட்டருக்கு 1.30 ரூபாய் தாண்டாது. லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோலில் 18 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு ஐந்தரை ரூபாய் ஆகிறது. கணக்கு அவ்வளவுதான், இதில் வாதாட ஒன்றும் இல்லை.

உம்மாவுக்கு டீசல் வாடை ஆகாது. பழைய வண்டியில் மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் பார்த்திபனூர் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடும். இந்த வண்டியில் ஏறிய கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போகிறது. சத்தம் இல்லை, அதிர்வு இல்லை. இது ஒன்றுக்காகவே நான் இந்த வண்டியை நேசிக்கிறேன்.

மழைத்தண்ணியில் ஷாக் அடிக்குமா என்று ஊரில் இன்னமும் கேட்கிறார்கள். அடிக்காது. இந்தியாவில் விற்கும் மின்சாரக் கார்களில் பெரும்பாலும் பேட்டரிப் பெட்டி தூசியும் தண்ணியும் புகாத ஐபி67 தரத்தில் இறுக மூடி வருகிறது. 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்பதும் பல கம்பெனிகளில் பொதுவாகிவிட்டது. சார்ஜிங்கில் எனக்கு வந்த ஒரே தொல்லை வீட்டு எர்த். எர்த்துக்குப் புதைக்கிற ஜிஐ பைப் (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு) உப்பு மண்ணில் சீக்கிரம் அரித்துப் போகும். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். செம்புப் பூச்சு போட்ட ராடு இறக்கியதும் சரியாகிவிட்டது. வண்டி வரும் முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இதைச் செய்துவிடுங்கள்.

இனி பிரேக்.

மின்சாரக் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், வண்டியின் ஓட்டத்தில் இருந்த ஆற்றல் கரண்டாகி பேட்டரிக்குத் திரும்பும். ரீஜென் என்பது இதுதான். மைலேஜ் கிடைப்பதற்கு இது பெரிய காரணம். ஆனால் இதனால் பிரேக் பேடு டிஸ்க்கைத் தொடுவதே அபூர்வமாகிவிடுகிறது. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்புத் தட்டு, பேடு அதை அழுத்திப் பிடித்தால்தான் வண்டி நிற்கும். பெட்ரோல் வண்டியில் ஒவ்வொரு முறை பிரேக் அடிக்கும்போதும் பேடு அதன் மேல் படிந்த துருவை வழித்துவிடும். நம் வண்டியில் அந்த வழிப்பே நடப்பதில்லை. "பிரேக் பேடு வருஷக்கணக்கில் தேயாது சார்" என்று ஷோரூமில் சொன்னது உண்மைதான். தேயாததுதான் நம் ஊரில் பிரச்சினை.

நம் காற்று எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு உப்பைத் தாங்கவென்று பாலிசிலோக்சேன் பூச்சு அடித்து, கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வைத்திருக்கிறார்கள். அந்தக் கடலின் காற்றில்தான் என் கார் ராத்திரி முழுக்க நிற்கிறது. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் காலையில் கண்ணாடியைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும். அதே உப்பு பூச்சில்லாத டிஸ்க்கிலும் ஒட்டுகிறது.

கார் கழுவினால் போச்சு என்று நினைக்கலாம். எந்தத் தண்ணியில் கழுவுவது? எங்கள் தெருவில் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. காவிரித் தண்ணிக்குக் குடத்தோடு காத்திருக்கிற ஊரில் அதைக் காருக்கு ஊற்ற எனக்கு மனசு வராது, ஊற்றவும் மாட்டேன். ஐப்பசி மழையில் வண்டியை வெளியே நிறுத்திவிடுகிறேன். அதுதான் அதற்கு நல்ல குளியல்.

பழுது வந்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் மைலேஜ் குறைந்தது. யூனிட்டுக்கு ஏழு கொடுத்த வண்டி ஐந்தரைக்கு வந்தது. மதுரை சர்வீஸில் காட்டியபோது கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு எல்லாம் பச்சையாக இருக்கிறது, நீங்கள் ஓட்டும் முறைதான் காரணம் என்றார்கள். அவ்வளவு தூரம் வந்த காரின் ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்புறம் ஒரு நாள் திருப்புல்லாணி தாண்டும்போது கருகல் வாடை. இறங்கிப் பார்த்தால் இடது பின் சக்கரம் கிட்டப் போக முடியாத சூடு.

ராமநாதபுரத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், படகு இன்ஜினும் பார்ப்பவர். ஜாக்கி வைத்துத் தூக்கி சக்கரத்தைக் கையால் சுற்றினார். சுற்றவில்லை. "பாய், பேட்டரி கீட்டரி ஒண்ணுமில்ல. காலிப்பர் இறுகிப் போச்சு. பேடு டிஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்கு" என்றார். காலிப்பர் என்பது பேடுகளை டிஸ்க்கில் அழுத்துகிற பிடி, அது நகர்வதற்கு ஸ்லைடு பின்கள் உண்டு. அதற்கு மேல் ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். உப்பு உள்ளே போய் கிரீஸ் காய்ந்து இரண்டு பக்கமும் பின்கள் கெட்டித்துப் போயிருந்தன. டிஸ்க் முழுக்கக் குழி. சமீபத்தில் போட்ட மாதிரி தடிமனாக இருந்த பேடுகளைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. ஹேண்ட்பிரேக் மோட்டாரும் அதே காலிப்பரில் இருப்பதால் அதையும் சேர்த்து மாற்றச் சொன்னார்கள் மதுரை சர்வீஸில். வாரண்டி கிடையாதாம், பிரேக் தேயும் பொருளாம். தேய்ந்தா போனது?

இப்போது நான் செய்வது இது. தினமும் ஒரு தடவை, பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து ரீஜெனை பூஜ்யத்தில் வைத்து நான்கைந்து முறை நன்றாக பிரேக் அடிக்கிறேன். பெடலை மிதித்தாலும் ரீஜென் கலந்து வருகிற வண்டியென்றால் நியூட்ரலில் போட்டு அடித்தால்தான் டிஸ்க்குக்கு வேலை கிடைக்கும். பேட்டரி நூறு சதவீதம் இருக்கும்போது ரீஜென் தானாகவே குறைந்து பிரேக் வேலை செய்யும். ஆனால் தினமும் எண்பதில் நிறுத்துவது பேட்டரிக்கு நல்லது என்பதால் பலரும் நூறுக்குப் போவதில்லை, டிஸ்க்கும் சும்மா கிடக்கிறது. கழுவிய பிறகோ மழையில் வந்த பிறகோ அப்படியே ஹேண்ட்பிரேக் போட்டு நாள்கணக்கில் விடக்கூடாது. ஈரத்தில் பேடு டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். தட்டையான தரையில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிடுகிறேன்.

இன்னொன்று, இதை எந்த விற்பனையாளரும் சொல்லமாட்டார். பின் சக்கரத்துக்கு பழைய டிரம் பிரேக் போதும். டிரம் மூடியிருப்பதால் உப்பும் ஈரமும் எளிதில் உள்ளே போகாது. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 மின்சார கார்களுக்குப் பின்னால் டிரம்தான் வைத்தது, டிஸ்க் சும்மா கிடந்து துருப்பிடிக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம். இங்கே டியாகோ ஈவி மாதிரி விலை குறைந்த வண்டிக்குப் பின்னால் டிரம் வருகிறது. வேறு சில மாடல்களில் மேல் வேரியண்டுக்குக் காசைக் கூடக் கொடுத்தால் டிஸ்க் கிடைக்கிறது. நம் கடற்கரைக்குக் கீழ் வேரியண்டுதான் நல்ல வேரியண்ட்.

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் எடுக்கலாமா என்று தம்பி கேட்டான். லிட்டருக்கு நல்ல மைலேஜ் தரும், மறுக்கவில்லை. அதிலும் ரீஜென் உண்டு, அதனால் இந்தக் கவலை அங்கேயும் ஓரளவு இருக்கிறது.

சரி, அவனுக்கு என்ன சொன்னேன்? "நீ எடுக்காதே" என்றேன். வருஷத்தில் இரண்டு மாதம் ஊரில் இருப்பான், மீதி மாதங்கள் வண்டி வீட்டு வாசலில் கடலைப் பார்த்து நிற்கும். அவன் வாப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாகி செஸ்ஸும் போய்விட்டது. மின்சார காருக்கு 5 சதவீதம் அப்படியே இருந்தாலும் விலை வித்தியாசம் கூடிவிட்டது. குறைவாக ஓட்டுகிறவனுக்கு மிச்சம் பிடிக்க வழியே இல்லை. பின்னால் டிரம் உள்ள சின்ன பெட்ரோல் வண்டி அவனுக்குப் போதும்.

தினமும் ஓட்டுகிறவர்களுக்கு? மேலே எழுதிய கணக்கைப் பார்த்தால் எடுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பில் இன்னும் மேசை மேல் கிடக்கிறது, இன்றைக்கு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நம் மாவட்டத்திலேயே உப்பைத் தெரிந்து வேலை பார்க்கிற சர்வீஸ் கிடைக்கும் வரை பொறுங்கள் என்பேன். என் வண்டியை விற்பாயா என்று கேட்டால் விற்க மாட்டேன், உம்மாவை அந்தப் பழைய வண்டியில் இனி ஏற்ற முடியாது.

அப்படியும் எடுப்பதாக இருந்தால், முன்பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு சர்வீஸிலும் நான்கு சக்கரத்தையும் கழற்றி, ஸ்லைடு பின்னைச் சுத்தம் பண்ணி, புது கிரீஸ் வைப்பீர்களா? வைப்போம் என்றால் அதை ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் வேலைப் பட்டியலில், எழுதித் தரச் சொல்லுங்கள். சர்வீஸுக்கு விட்டால் வேலை முடியும் வரை பக்கத்தில் நின்று பாருங்கள்.