‘தி ஓமன்’ எல்.பி. மறுபதிப்பு: சில வருடம் கேட்ட பிறகு

ஹாலிவுட் இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் 18 முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். ஆனால் விருது கிடைத்தது ஒரே ஒரு தடவை, 1976-ல் வந்த ‘தி ஓமன்’ என்ற இந்தத் திகில் படத்துக்கு. ‘ஆவே சாத்தானி’ என்ற அந்த லத்தீன் கோரஸ் சிறந்த பாடலுக்கும் தனியாகப் பரிந்துரை ஆனது. இந்த எல்.பி.யை, அதாவது வினைல் இசைத்தட்டை, வாங்குகிற யாரும் முதலில் அதைத்தான் போடுவார்கள், நானும் அப்படித்தான். இப்போதோ நான் அதிகம் தேடிப் போவது அடுத்து வரும் ‘தி நியூ அம்பாஸடர்’. படத்தில் வரும் தூதர் குடும்பம் சந்தோஷமாக இருந்த நாட்களுக்கென்று போட்ட மெட்டு, வயலின்கள் அப்படியே விரிந்துகொண்டே போகும், இதைக் கேட்டுவிட்டுக் கோரஸுக்குப் போனால்தான் அந்த வீட்டுக்கு என்ன ஆகப்போகிறது என்ற பயம் உண்மையில் பிடிக்கிறது. கோல்ட்ஸ்மித்தின் மனைவி கேரல் பாடிய ‘தி பைப்பர் டிரீம்ஸ்’ பாட்டும் இதே மெட்டுதான்.

பழைய எல்.பி.யில் இருந்த 12 டிராக்கும் அதே வரிசையில் இருக்கின்றன. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம்கூட வராது. குறைவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, இடம் தாராளமாக இருப்பதால் ஒலி பதிந்த பள்ளங்களை நெருக்காமல் வெட்டியிருக்கிறார்கள், கீழ் ஸ்தாயித் தந்திகள் நல்ல கனமாக வருகின்றன.

முதலில் எனக்கு வந்த பிரதியில் நடுத்துளை கொஞ்சம் விலகியிருந்தது. பியானோ ஸ்வரம் நீளும் இடங்களில், தட்டு ஒரு சுற்று சுற்றும் 1.8 நொடிக்கு ஒருமுறை, சுருதி லேசாக ஆடும். கடையில் சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். வாங்கின கையோடு இதைச் சோதித்துவிடுங்கள்.

அப்புறம் முள். 33⅓ வேகத்தில் தட்டின் வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிளை நெருங்கினால் 20 செ.மீ. சொச்சம்தான். அதாவது அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் அடைக்க வேண்டும். ‘தி டிமைஸ் ஆஃப் மிஸஸ் பேலாக்’கில் கோரஸ் முழு வேகத்தில் பாய்வது முதல் பக்கத்தின் உள்பகுதியில்தான். உருண்டை முனை கொண்ட கோனிகல் முள் இருந்தவரை அங்கே ‘ஸ’ வரும் ஒவ்வொரு இடமும் துப்புகிற மாதிரி சிதறியது. நீள்வட்ட முனை கொண்ட எலிப்டிகல் முள் மாற்றி, முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜையும் கோணம் பார்க்கும் அளவு அட்டை வைத்து நேராக்கிய பிறகு ஆண் குரலும் பெண் குரலும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன.

உள்ளே வரும் காகித உறை தட்டின் மேல் பொடி உதிர்க்கிறது, முதல் வேலையாக பாலித்தீன் உள்ளுறைக்கு மாற்றுங்கள். சென்னை ஈரப்பதத்தில் ஸ்டாட்டிக் (தூசியை இழுக்கும் நிலைமின்சாரம்) அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை, பூஞ்சைதான் எதிரி. என் எல்.பி.யின் மேலட்டை ஓரத்தில் இரண்டு மழைக்காலத்துக்குள் பழுப்புப் புள்ளி வந்துவிட்டது. இப்போது அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, தட்டுகளைச் செங்குத்தாக வைக்கிறேன், அதன் பிறகு புள்ளி பரவவில்லை.

படத்தின் இசை முழுசாக வேண்டும் என்பவர்கள் 2001-ல் வந்த டீலக்ஸ் சிடியைத் தேடிப் பிடியுங்கள், அதில் கூடுதல் பகுதிகள் உண்டு. உட்கார்ந்து ஒரே மூச்சில் கேட்க எனக்கு இந்த எல்.பி. வரிசைதான். கோனிகல் முள் வைத்திருந்தால் மட்டும், தட்டுக்கு முன்னால் முள்ளுக்குச் செலவு பண்ணுங்கள்.