பனியன் கம்பெனி ட்ரெயினிங்: ஆப்பா, வாட்ஸ்அப்பா, மெஷின் பக்கத்துல நின்னு சொல்றதா?

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில ட்ரெயினிங் பாத்துக்கற வேலை எனக்கு, ஒம்பது வருஷம் ஆச்சு. போன வாரம் வேற கம்பெனில புதுசா ஹெச்ஆர்ல சேந்த புள்ள ஒண்ணு போன் பண்ணி, "அக்கா, எங்க முதலாளி ஒரு ஆப் வாங்கி எல்லா ட்ரெயினிங்கையும் அதுலயே போட்டுரலாம்ங்கறாருங்க, எது வாங்கலாம்"னு கேட்டுச்சு. பத்து நிமிஷம் பேசியும் முடியல, அதான் இங்க முழுசா எழுதறேன், மத்தவங்களுக்கும் ஆகும்.

மொதல்ல எதைச் சொல்லிக்குடுக்கப் போறோம்னு பாக்கணும். கைக்கு வர வேண்டிய வேலையா, இல்ல காதுல விழுந்து மனசுல நிக்க வேண்டிய விஷயமா? இது ரெண்டையும் ஒரே ஆப்புல போட்டா ரெண்டும் கெடும்.

ஃபயர் சிலிண்டரையே எடுத்துக்கோங்க. ரெண்டு வருஷம் முன்னாடி நாங்க அழகா வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டோம், பின்னை இழு, தீயோட அடியைப் பாத்து நீட்டு, ஹேண்டில அமுக்கு, ரெண்டு பக்கமும் வீசுன்னு. அப்புறம் ட்ரில் வெச்சப்போ பேக்கிங்ல இருக்கற ஒரு அண்ணன், வீடியோவ மூணு தடவ பாத்தவரு, சிலிண்டரத் தூக்கினதுமே பயத்துல ஹேண்டில இறுக்கிப் புடிச்சுகிட்டு பின்னை இழுக்கறாரு, வரவே மாட்டேங்குது. ஹேண்டில அமுக்கினா பின் மேல அழுத்தம் விழுந்து அது சிக்கிக்கும், கையைத் தளர்த்தினாத்தான் வரும். இது எங்க வீடியோல இல்ல, எடுத்த எங்களுக்கே தெரியாது. அன்னிக்கு நெசத் தீயா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்கு ராத்திரி தூக்கமே வரல. அதுக்கப்புறம் கைக்கு வர வேண்டியது எதுவா இருந்தாலும் கையில குடுத்துத்தான் பழக்கறோம், வீடியோ எல்லாம் அதுக்கப்புறம்தான்.

தையலும் அதே மாதிரிதான். பவர் டேபிள்ல, அதாவது மோட்டர்ல ஓடற தையல் மெஷின்ல, கழுத்து ரிப் (கழுத்தைச் சுத்தி வர்ற இழுபடற பட்டி) ஏத்தறப்போ ரிப் எப்பவுமே கழுத்தோட சுத்தளவ விடக் கொஞ்சம் கம்மியாத்தான் வெட்டியிருக்கும், அதைச் சமமா இழுத்துப் புடிச்சு ஏத்தணும், ஒரு பக்கம் அதிகமா இழுத்தா சுருங்கும், விட்டுட்டா கழுத்து தொங்கும். எவ்வளவு இழுக்கணும்ங்கறத எந்த ஆப்பும் விரலுக்குச் சொல்லாது. 1940கள்ல அமெரிக்காவுல சண்டைக் காலத்து ஃபேக்டரிகளுக்குன்னு ஒரு ட்ரெயினிங் முறை கொண்டு வந்தாங்க, அப்புறம் அது ஜப்பானுக்கும் போச்சு. நாலே படிதான்: ஆளைத் தயார் பண்ணு, செஞ்சு காட்டு, செய்ய விட்டுப் பாரு, அப்புறமும் வந்து வந்து கவனி. நாங்க இன்னிக்கும் அதைத்தான் பண்றோம், மூணாவது படில ஒண்ண மட்டும் விடவே மாட்டோம், புது ஆளு செய்யறப்பவே என்ன செய்யறேன், ஏன் செய்யறேன்னு வாய் விட்டுச் சொல்லணும். சொல்லத் தடுமாறினா இன்னும் புரியலன்னு தெரிஞ்சுரும்.

இதுல உள்ள கஷ்டம் காசுதான். பீஸ் ரேட்டுல, அதாவது தெச்ச பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கற நல்ல டெய்லர் ஒருத்தர உக்கார வெச்சு சொல்லித்தரச் சொன்னா அவரு கூலி போகுது, அதனால அவரு அவசர அவசரமா காட்டிட்டு ஓடிருவாரு, அது அவரு தப்பு இல்ல. அந்த நேரத்துக்குக் கம்பெனி தனியா கூலி குடுக்கணும், ஆப் வாங்க வெச்சிருக்கற காசுல மொத செலவு இதுவா இருக்கட்டும்.

இப்ப வாட்ஸ்அப். நெனவுபடுத்தறதுக்கு இதை அடிச்சுக்க வேற ஆள் இல்ல. ஒரு நிமிஷ வீடியோ, மூஞ்சி வேண்டாம், கையும் ஊசியும் மட்டும் தெரியணும், மெஷின் சத்தத்த எடுத்துட்டு மேல கொரல் குடுக்கணும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்ல இருந்து வந்தவங்க இத்தனை பேர் இருக்கறப்போ தமிழ்ல மட்டும் எழுதி ஒட்டறது யாருக்குன்னு யோசிக்கணும். எங்க லைன்ல இருக்கற ஒடியா பொண்ணு ஒருத்தியத்தான் கொரல் குடுக்கச் சொன்னோம், அவ ஊர்ப் பேச்சுலயே சொன்னதால அந்த வீடியோவ அவங்க ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்டாங்க.

ஆனா குரூப் மட்டும் ஆரம்பிக்காதீங்க. குரூப்புல எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். நான் ஆரம்பிச்ச குரூப்புல இருந்து ஒரு பொண்ணோட நம்பர எடுத்து ராத்திரில ஒருத்தன் கூப்பிட ஆரம்பிச்சுட்டான், அந்தப் புள்ள வேலைய விட்டுட்டுப் போனதுக்கு அப்புறம்தான் எனக்கு விஷயமே வந்துச்சு. அது என் தப்பு, இன்னும் மனசுல கெடக்கு. பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க, ஒரே மெசேஜ் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போகும், ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர், அவங்க நம்ம நம்பர சேவ் பண்ணியிருந்தாத்தான் மெசேஜ் போகும், அந்த வேலைய சேர்ற அன்னிக்கே முடிச்சுருங்க. இல்லன்னா வாட்ஸ்அப் சேனல், அதுலயும் ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது.

யூடியூப்ல அன்லிஸ்டடா (லிங்க் இருக்கறவங்க மட்டும் பாக்கற மாதிரி) போட்டு க்யூஆர் ஒட்டறதும் நல்ல வழிதான், போன்ல எடம் அடைக்காது. ஒரே கொறை, வீடியோல தப்பு இருந்தா அதே லிங்க்ல புது வீடியோவ மாத்திப் போட முடியாது, க்யூஆர் எல்லாத்தையும் திரும்ப அடிச்சு ஒட்டணும். ஃப்ளோர்ல போனே கூடாதுன்னு சொல்ற கம்பெனில க்யூஆர் ஒட்டி என்ன பிரயோஜனம்? நாங்க லைனுக்கு ஒரு டேப்லெட் வாங்கி சூப்பர்வைசர்கிட்ட குடுத்துட்டோம். வீட்டுக்குப் போய் பாத்துக்கட்டும்னு மட்டும் சொல்லாதீங்க, ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டுப் போறவங்க சமைப்பாங்களா, புள்ளைங்களப் பாப்பாங்களா, நம்ம வீடியோவப் பாப்பாங்களா? ட்ரெயினிங் வேலை நேரத்துக்குள்ளதான் நடக்கணும்.

முதலாளி கேட்ட ஆப் சமாச்சாரத்துக்கு வரேன். மூடில்னு பாடம், டெஸ்ட் எல்லாம் போட்டு நடத்தற சாஃப்ட்வேர் ஒண்ணு 2002ல இருந்து இருக்கு, அது இலவசம், ஆனா சர்வருக்கும் அதைப் பாத்துக்கற ஆளுக்கும் காசு ஆகும். யார் எதை முடிச்சாங்க, எத்தன மார்க்குன்னு ரிப்போர்ட் வந்துரும், ஆடிட்காரங்க கேட்டா ஒடனே எடுத்துக் குடுக்கலாம். எல்லாருக்கும் அதுதான் ஆச. நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனில இது மாதிரி ஒண்ணு போட்டாங்க, டெய்லர் எல்லாருக்கும் யூசர் நேம், பாஸ்வேர்டு. ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்துல போய்ப் பாக்கறேன், சூப்பர்வைசர் தனியா உக்காந்து 22 பேரோட பாஸ்வேர்டையும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுகிட்டு ஒவ்வொருத்தரா லாகின் பண்ணி எல்லா கேள்விக்கும் பதில் போட்டுகிட்டு இருக்காரு. "இல்லீனா எனக்குத்தானுங்க திட்டு விழும்"ங்கறாரு. ரிப்போர்ட்ல அந்த லைன் நூத்துக்கு நூறு. ஊசி ஒடஞ்சா துண்டு மொத்தத்தையும் தேடி ரிஜிஸ்டர்ல ஒட்டிட்டுத்தான் புது ஊசி வாங்கணும், ஒரு துண்டு கெடைக்கலன்னாலும் பக்கத்துல இருக்கற பீஸ் எல்லாத்தையும் எடுத்து மெட்டல் டிடெக்டர்ல விடணும்னு அந்த லைன்ல எத்தன பேருக்குத் தெரியும்? அந்தத் துண்டு ஒரு கொழந்தை சட்டைக்குள்ள போச்சுன்னா?

அதனால மூடில் மெர்ச்சண்டைசிங், அக்கவுண்ட்ஸ், குவாலிட்டி, சூப்பர்வைசர்னு கம்ப்யூட்டர்ல ஒக்கார்றவங்களுக்கு மட்டும் போதும். ரெடிமேட் பாடம் வெளில வாங்கினா ஸ்கார்ம் ஃபார்மேட்ல குடுங்கன்னு கேட்டு வாங்குங்க, நாளைக்கு வேற சாஃப்ட்வேர் மாறினாலும் கொண்டு போகலாம். அம்பது பேருக்குள்ளன்னா கூகுள் ஃபார்ம்ஸ்ல க்விஸ் வெச்சாலே ஆச்சு, ஷீட்ல பதில் வந்துரும். டெய்லர்களுக்கு நாங்க ஆப்புல டெஸ்ட் வைக்கறதே இல்ல, செஞ்சு காட்டச் சொல்லி, தேதி போட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கறோம்.

ஜூம், மீட் ரெண்டும் யூனிட்டுக்கு யூனிட் ஆபீஸ் ஆளுங்க பேசறதுக்கு சரி. இலவசத்துல ஜூம் 40 நிமிஷம், மூணு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா மீட் 60 நிமிஷம். ஹால்ல முப்பது பேர உக்கார வெச்சு ஸ்க்ரீன்ல ஓட்டினா யாருக்குப் புரியலன்னு அந்தப் பக்கம் பேசறவருக்குத் தெரியாது, டெய்லர்களுக்கு அதைப் பண்ணாதீங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் எந்தத் திரைக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன், பாலியல் தொந்தரவு பத்தின வகுப்பு. 2013 சட்டப்படி பத்து பேர், அதுக்கு மேல வேலை செய்யற எடத்துல உள் புகார் கமிட்டி இருக்கணும், தலைமை ஒரு பொண்ணு, பாதிப் பேராச்சும் பொண்ணுங்க, வெளில இருந்து ஒருத்தர், புகார மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும். இதெல்லாம் வீடியோலயும் சொல்லிரலாம். ஆனா வகுப்பு முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சுப் போறப்போ ஒரு பொண்ணு மட்டும் செருப்பு தேடற மாதிரி கடைசியா நிப்பா, அவ பேசறதுக்குத்தான் அந்த வகுப்பே. பொண்ணுங்களுக்குத் தனியா, சூப்பர்வைசர் யாரும் இல்லாம, கதவ சாத்திட்டு நடத்துங்க, முடிஞ்சதும் அரை மணி நேரம் அங்கயே இருங்க.

போன் பண்ணின அந்த ஹெச்ஆர் புள்ளைக்கு நான் சொன்னது, முதலாளிகிட்ட ஆப் வேண்டாம்னு போய் நிக்காத, லைனுக்கு ஒரு டேப்லெட், சொல்லித்தர்ற டெய்லருக்கு தனிக் கூலி, ரெண்டுக்கும் எவ்வளவு ஆகும்னு ஒரு பேப்பர்ல எழுதி, ஆப் கொட்டேஷனோட சேத்து அவரு முன்னாடி வை. திங்கக்கெழம வெக்கறேன்கானு சொல்லியிருக்கு.