கிறைண்டரின் சத்தமும் 18,500 ரூபாய்ப் பில்லும்: வன்னியில் பட்டறை வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி வரை பட்டறை வைத்திருப்பவர்கள், மேசையில் பூட்டிக் கருவிகள் தீட்டும் தங்கள் பெஞ்ச் கிறைண்டரை, மோட்டர் கொயில் (செப்புக் கம்பிச் சுருள்) கட்டும் கடையொன்றில் ஒப்படைக்கும் முன் இதை வாசித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். முறைப்பாடு செய்திருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இப்பகுதியில் கிணற்று மோட்டர்களை நேர்மையாகக் கட்டித் தருபவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

எங்களிடம் இருப்பது இரண்டு பக்கமும் ஆறு அங்குலக் கல் பூட்டிய கிறைண்டர். காலபோக நெல் விதைப்புக்கு முன் மண்வெட்டி, கத்தி, கோடரி என்று தீட்டுவதற்கு வரிசையாக வரும் நேரத்தில், அதன் வலப்பக்கத்திலிருந்து கரகரவென்ற சத்தம் கிளம்பியது. சுவிச்சை நிறுத்திய பின்னும் கல் சுழன்று ஓயும்வரை அந்தச் சத்தம் தொடர்ந்தது; வேகம் குறையக் குறைய அது தடித்து, கடைசிச் சுற்றுகளில் தனித்தனியாக எண்ணக்கூடிய அளவுக்குக் கடக், கடக் என்று கேட்டது. மின்சாரத்தால் எழும் உறுமலாக இருந்தால் சுவிச்சை நிறுத்திய கணமே அது அடங்கியிருக்க வேண்டும். மின் நின்ற பிறகும் கேட்கும் சத்தம் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பெயாரிங்கிலிருந்தோ, கல்லிலிருந்தோ, எங்கேயாவது உரசும் தகட்டிலிருந்தோதான் வர முடியும். பெயாரிங் கழற்றும் புள்ளர் எங்களிடம் இல்லாததால்தான் கடைக்குக் கொண்டுபோனேன். இந்த விபரத்தையும் அங்கே தெளிவாகச் சொன்னேன்.

“கொயில் கருகிப்போச்சு அண்ணை, அதுதான் சத்தம். முழுக்கக் கட்ட வேணும்” என்றார் கடைக்காரர். கருகிய மணமும் இல்லை, மோட்டர் சூடேறவும் இல்லை, பிறேக்கர் ஒருமுறைகூட விழவில்லை என்று சொல்லியும் அவர் அசையவில்லை. திருப்பி எடுக்கப் போனபோது கொயில் கட்டியது, பெயாரிங் இரண்டு, கப்பாசிற்றர், காபன் பிறஷ் ஒரு சோடி, கூலி என்று 18,500 ரூபாய்க்குப் பில் நீட்டினார்.

ஏமாற்றைக் காட்ட அந்தப் பில்லில் காபன் பிறஷ் என்ற வரி ஒன்றே போதும். பெஞ்ச் கிறைண்டரில் இருப்பது இன்டக்‌ஷன் மோட்டர். அதன் நடுவில் சுழலும் பாகத்துக்கு எதுவும் தொட்டு மின்சாரம் கொடுப்பதில்லை, ஆகவே அதில் காபன் பிறஷுக்கு இடமே கிடையாது. கையில் பிடித்து வேலை செய்யும் கிறைண்டரிலும் டிறில்லிலும்தான் அது உண்டு.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டியபோது பழைய சத்தம் அப்படியே இருந்தது. மேசையே அதிரும் ஒரு நடுக்கமும் புதிதாகச் சேர்ந்திருந்தது. முன்பு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் பிற்றராக இருந்த பெரியப்பா ஒருவர் புள்ளருடன் வந்தார், இருவருமாகக் கழற்றினோம். கொயில் பழைய கொயில்தான். கம்பனியில் கட்டிய நூலும் பழுப்பேறிய வார்னிஷும் கலையாமல் இருந்தன. இடுக்குகளில் கல்லரைத்த கறுப்புத் தூள்கூடத் துடைக்கப்படவில்லை. வலப்பக்கப் பெயாரிங்கின் தகட்டு மூடியை ஸ்குறூட்றைவரால் நெம்பித் திறந்து, உள்ளே புதுக் கிறீஸை அப்பி, மறுபடி அமுக்கி மூடியிருந்தார்கள். கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தபோது குண்டுகள் ஓடும் பாதை முழுவதும் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தது. அந்தக் கரகரப்பின் காரணம் அதுவே. பெயாரிங்கின் வெளிவளையத்தை அழுத்திப் பிடிப்பதற்காக மோட்டரின் பக்க மூடிக்குள் இருக்க வேண்டிய வளைந்த ஸ்பிரிங் வாசரையும் காணவில்லை. அது இல்லாததால் தண்டு இடமும் வலமும் நகர்ந்து தட்டியது.

இவையெல்லாம் பணத்தோடு போகிற விடயங்கள். கல்லில் செய்திருந்த வேலைதான் மன்னிக்க முடியாதது. இடப்பக்க நட் மறுபுரியுடையது, வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும் என்பதை அறியாமல் உளி வைத்து அடித்துக் கழற்றியிருந்தார்கள். அதன் மூலைகள் சிதைந்திருந்தன. கல்லுக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவே இருக்கும் வட்டக் கடதாசியை இரு கற்களிலிருந்தும் உரித்து எறிந்துவிட்டு, இரும்பு நேரே கல்லில் பதியும்படி இறுக்கியிருந்தார்கள். நட்டின் அழுத்தத்தைக் கல்லின்மேல் சமமாகப் பரப்புவது அந்தக் கடதாசியே. கல்லை எந்த வேகம்வரை ஓட்டலாம் என்று அச்சிட்டிருந்ததும் அதில்தான். இடப்பக்கக் கல்லின் துளையில் விரலைக் கொடுத்துத் தூக்கி, மரப்பிடியால் மெல்லத் தட்டினார் பெரியப்பா. நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். இது மொத்தென்று ஒலித்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க, துளையிலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பு வெளிநோக்கி ஓடியிருந்தது.

நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த மோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,950 தடவை சுழலும். ஆறு அங்குலக் கல்லின் விளிம்பு அப்போது செக்கனுக்கு 23 மீற்றர், அதாவது மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. வெடித்த கல் அந்த வேகத்தில் சிதறினால் அதன் முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பவர் தப்புவது அரிது. என் தங்கையின் மகன் நாள் முழுவதும் நிற்கிற இடம் அது.

பில்லோடு கடைக்குப் போய்ப் பழைய பாகங்களைக் கேட்டேன். “பழசை இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு அண்ணை” என்றார். காபன் பிறஷ் எங்கே பூட்டினீர்கள் என்று கேட்டதற்கு, எல்லா மோட்டருக்கும் காபன் இருக்கிறது என்று சாதித்தார். பணம் திரும்பவில்லை.

இப்போது இரண்டு பக்கமும் றப்பர் மூடியுள்ள 6202 இலக்கப் பெயாரிங், ஸ்பிரிங் வாசர், கடதாசியோடு கூடிய புதுக் கற்கள் என்று பூட்டி, பக்கவாட்டில் விலகி நின்று சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்ட பிறகே வேலைக்கு எடுத்தோம். சத்தம் இல்லை. நீங்கள் கொடுப்பதானால் கற்களைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மோட்டரை மட்டும் கொடுங்கள். மூடியைத் திறந்து கொயிலைப் படம் எடுத்து வையுங்கள். கழற்றும் பாகங்கள் எல்லாம் திரும்ப வேண்டும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதுவியுங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து, பில்லின் பிரதியையும் படங்களையும் சேர்த்து எழுத்து மூலம் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அதே கடையில் இதுபோன்ற பில் வாங்கியவர்கள் இருந்தால் அதைக் கிழித்துவிடாமல் வைத்திருந்து எனக்கு அறிவியுங்கள். முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.