லண்டனில் கோத், பங்க் உடைகள்: கேம்டனா, சாரிட்டி கடையா, வின்டட்டா?

கறுப்பும் லேஸும் வெல்வெட்டுமான கோத் உடை, கிழிசலும் உலோகக் குமிழுமான பங்க் உடை: தலை முதல் கால் வரை எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்குவதுதான் இதில் பணம் வீணாகும் வழி. பூட்ஸுக்கு ஓர் இடம், பாவாடை கோட்டுக்கு இன்னோர் இடம், பெல்ட் மோதிரத்துக்கு வேறோர் இடம் என்று பிரித்து வாங்கினால் செலவும் குறையும், பொருளும் உழைக்கும். பதின்ம வயதில் கையில் இருப்பது பாக்கெட் மணி. அதனால் எதை எங்கே வாங்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கேம்டன்

கென்சிங்டன் மார்க்கெட் 2000-இல் மூடிய பிறகு இந்த உடைகளுக்கு லண்டனில் பேர் சொல்லும் இடம் கேம்டன்தான். 1974-இல் கால்வாய் ஓரம் கைவினைச் சந்தையாகத் தொடங்கியது. இன்று ஸ்டேபிள்ஸ் மார்க்கெட், ஹை ஸ்ட்ரீட் கடைகள் எல்லாம் சேர்த்து அந்தப் பெயர். போட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நியூ ராக் பிராண்டு மாதிரி கனமான பூட்ஸ், "எலும்பு" எனப்படும் விறைப்புப் பட்டைகள் வைத்து இடுப்பை இறுக்கும் கோர்செட் ஆகியவற்றைக் காலிலும் இடுப்பிலும் மாட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கோர்செட்டை வாங்குமுன் பக்கவாட்டில் இரு கையாலும் மடக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் எலும்பு சட்டென்று வளைந்து மடிப்பு விழும், நாலைந்து முறை உடுத்தினாலே இடுப்பில் குத்தும். எஃகு வளையும், விட்டதும் நேராகிவிடும்.

துணிகளைப் பொறுத்தவரை கேம்டனை நம்பிப் போகத் தேவையில்லை. ஒரே மொத்த வியாபாரியிடமிருந்து வரும் அதே பாவாடை, அதே வலைக் கையுறை பல கடைகளில் தொங்கும். முதல் கடையில் விலையைக் கேட்டுவிட்டு, நாலு கடை தள்ளி அதையே தேடுங்கள். வார நாள் சாயங்காலம், கடை கட்டும் நேரத்தில் இரண்டு பொருள் சேர்த்துக் கேட்டால் ஸ்டால்காரர்கள் விலை குறைப்பார்கள்.

பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை நேரில் வாங்கியதற்குச் சட்டப்படி கிடையாது. பொருள் பழுது என்றால் மட்டும் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் முழுப் பணத்தையும் கேட்கலாம். ரசீது தராத ஸ்டால்களில் கார்டில் கட்டுங்கள். வங்கிக் கணக்கில் பதிவாவதே ஆதாரம்.

சாரிட்டி கடை

தானமாக வந்த பழைய பொருள்களைத் தொண்டு நிறுவனங்கள் விற்கும் கடை இது. ஆக்ஸ்ஃபாம், பர்னார்டோஸ், டிரெய்ட் என்று எந்தப் பேட்டையிலும் ஒன்றாவது இருக்கும். பதின்ம வயதுக்காரர்கள் நேராக டீன் பகுதிக்குப் போவதுதான் இங்கே நடக்கும் தவறு. கோத் உடைக்கு வேண்டியது இரவு உடைகளில் லேஸ் வைத்த உள்பாவாடை, விருந்து உடைகளில் வெல்வெட், ஆண்கள் பகுதியில் வெயிஸ்ட்கோட், கறுப்புக் கம்பளிக் கோட். அளவு எண்ணைப் பார்க்காதீர்கள். முப்பது வருடப் பழைய 14, இன்றைய 14-ஐவிடச் சின்னதாக இருக்கும். வெல்வெட்டில் அக்குளையும் பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே மயிர் தேய்ந்து பளபளத்தால் அது திரும்பி வராது.

கறுப்பு கிடைக்காவிட்டால் சாயம் போடலாம். இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. வாஷிங் மெஷினில் போடும் டைலான் சாயப் பெட்டி ஒன்று 600 கிராம் உலர்ந்த துணிக்குத்தான் முழு நிறம் தரும். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். எடை கூடினால் கறுப்பு வராது, சாம்பல்தான் வரும். பருத்தி, லினன், விஸ்கோஸ் நன்றாகப் பிடிக்கும். பாலியெஸ்டர், அக்ரிலிக் பிடிக்கவே பிடிக்காது. பருத்தி உடையிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர் என்பதால் வெள்ளை உடை கறுப்பானாலும் தையல் வெள்ளையாகவே நிற்கும். பங்க் உடையில் அது எடுப்பாகவே இருக்கும். கோத் கவுனில் உறுத்தும். முடிந்ததும் மெஷினைச் சோப்புத் தூள் போட்டு ஒரு முறை வெறுமனே ஓட்டிவிடுங்கள், அடுத்த சுற்றில் அப்பாவின் வெள்ளை வேட்டி விழக்கூடும்.

வின்டட், டெபாப்

இரண்டும் பழைய உடைகளைத் தனிநபர்கள் விற்கும் செயலிகள். கணக்கு வைக்க வின்டட்டில் 18 வயது ஆக வேண்டும். அதனால் அம்மாவோ அக்காவோ வாங்கித் தர வேண்டியிருக்கும். தேடும்போது "கோத்" என்று போட்டால் விலை ஏற்றி வைத்தவைதான் முதலில் வரும். விற்பவருக்கே அது என்னவென்று தெரியாத பொருளில்தான் லாபம்: "கறுப்பு வெல்வெட் நீளப் பாவாடை" என்று துணியையும் வடிவத்தையும் சொல்லித் தேடுங்கள். கில்ஸ்டார், ஹெல் பன்னி மாதிரி பிராண்டுகளைப் புதிதாக வாங்குவதைவிட இங்கே எடுப்பதே நல்லது. ஒரு முறை உடுத்திவிட்டு விற்பவர்கள் நிறைய.

அளவு கேட்கும்போது அக்குளுக்கு அக்குள் எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். உங்களுக்குப் பொருந்தும் சட்டையைத் தரையில் விரித்து அளந்து ஒப்பிடுங்கள். மலிவு ஆடைத் தளமான ஷீனில் வாங்கியதையே "விண்டேஜ்" என்று மூன்று மடங்கு விலைக்கு விற்பவர்களும் உண்டு. படத்தை வைத்து இணையத்தில் தேடினால் பிடிபட்டுவிடும். பார்சல் வந்ததும் பிரித்துப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்: வின்டட்டில் புகார் சொல்ல 2 நாள்தான். இணையக் கடைகளில் வாங்கினால் கிடைக்கும் 14 நாள் ரத்து உரிமை, தனிநபரிடம் வாங்கும்போது கிடையாது.

பூட்ஸ்

செலவு செய்வதென்றால் இதில் செய்யுங்கள். டாக்டர் மார்ட்டென்ஸின் 1460, 1960 ஏப்ரல் 1 அன்று வந்தது. எண்ணே அந்தத் தேதிதான். புதிது வாங்கினால் 150 பவுண்டைத் தாண்டும். பழையதில் தோல் ஏற்கெனவே இளகியிருக்கும், குதிகால் கொப்புளமும் மிச்சம். அரை அளவுகள் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சின்னதை எடுங்கள்.

பழைய ஜோடியில் பார்க்க வேண்டியது மூன்று. மேல்தோலையும் அடியையும் சுற்றி வரும் மஞ்சள் தையல் எங்கும் அறாமல் இருக்க வேண்டும். குதிகால் ஒரே பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கக் கூடாது. விரல் மடியும் இடத்தில் தோல் சுருங்கியிருக்கலாம், வெடித்திருக்கக் கூடாது.

செயற்கைத் தோல் என்றால் அதே மடிப்பை விரலால் தேயுங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்து, விரல் நுனியில் கறுப்புச் செதில் ஒட்டினால் உரிய ஆரம்பித்துவிட்டது. எந்தப் பாலிஷும் அதைத் தடுக்காது. பாலியூரித்தேன் அடி வைத்த பிளாட்ஃபார்ம் பூட்ஸ், பெட்டியிலேயே பல வருடம் கிடந்தால் ஈரப்பதத்தில் சிதைந்து, நடக்கும்போது துண்டு துண்டாக உதிரும். "போடாமலே வைத்திருந்தது" என்ற விளம்பரம் இங்கே நல்ல சேதி அல்ல.

பேண்ட் (இசைக்குழு) டிஷர்ட், உலோகம், கண் மை

டிஷர்ட்டைக் கச்சேரியிலோ பேண்டின் சொந்தத் தளத்திலோ வாங்குங்கள். அரங்குக்கு வெளியே நடைபாதையில் விற்பது மலிவு. இரண்டு சலவையில் சுருங்கும், பேண்டுக்கு ஒரு பென்னி போகாது. உரிமம் பெற்றதில் அச்சின் ஓரத்திலோ கழுத்திலோ உரிமை வரியும் ஆண்டும் பெரும்பாலும் இருக்கும். கழுத்தில் கில்டன் என்ற வெற்று டிஷர்ட் பிராண்டின் பெயர் இருப்பதை வைத்துப் போலி என்று முடிவு செய்யாதீர்கள். உண்மையானவையும் அதில் அச்சாகும்.

வெள்ளி என்று சொல்லி விற்கும் மோதிரம் 7.78 கிராமுக்கு மேல் இருந்தால், இந்த நாட்டுச் சட்டப்படி ஹால்மார்க் முத்திரை இருக்க வேண்டும். வெறும் 925 என்ற எண் போதாது. ஜாக்கெட்டில் ஸ்டட் (உலோகக் குமிழ்) வைக்க, திருகு வைத்ததை வாங்குங்கள். துளையில் முறுக்குமுன் திருகில் ஒரு சொட்டுப் பசை வைத்தால் கழன்று விழாது. காலோடு மடக்கும் வகை மெல்லிய துணியைக் கிழிக்கும்.

ஆக்சிடைஸ்டு வளையல், மூக்குத்தி, கனத்த கொலுசு எல்லாம் கேம்டனைவிட, தெற்காசியக் கடைத்தெருக்களான கிரீன் ஸ்ட்ரீட்டிலும் ஈலிங் ரோட்டிலும் மலிவு, வேலைப்பாடும் அதிகம். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் தவிர்க்கவும். கண் மையை அங்கே பெயர் தெரியாத டப்பாவில் வாங்காதீர்கள்: சில சுர்மாக்களில் ஈயம் இருக்கிறது. பெயருள்ள கடைப் பென்சிலே போதும்.

புதிய இணையக் கடைகள்

அவசரமில்லை என்றால் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். வெளிநாட்டுத் தளத்தில் 135 பவுண்டு வரை வாட் வரியை வாங்கும்போதே பிடித்துவிடுவார்கள். அதைத் தாண்டினால் சுங்க வரியும், கூரியர்காரர் வசூலிக்கும் கையாளும் கட்டணமும் வாசலில் வந்து நிற்கும்.

இந்தப் பணத்தில் ஒரு பகுதியை உள்ளூர்த் தையல்காரருக்குக் கொடுப்பதே மேல். ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் சேலை பிளவுஸ் தைப்பவர்களுக்கு இடுப்பில் டார்ட் (மடிப்புத் தையல்) பிடிப்பது, முதுகில் கயிறு கோக்கக் கண் வைப்பது எல்லாம் அன்றாட வேலை. சாரிட்டி கடைக் கோட்டை உடம்புக்கு இறுக்கித் தரச் சொல்லுங்கள். பாவாடை நீளம் குறிக்கப் போகும்போது பூட்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள். செருப்போடு நின்று குறித்தால் பிளாட்ஃபார்ம் ஏறியதும் 5 சென்டிமீட்டர் தூக்கிக்கொள்ளும்.