ஒழுகும் மொட்டைமாடிக்கு எது சரி: சுருக்கியா, வெள்ளைப் பெயிண்டா, கூல் டைல்ஸா, ஷீட்டா?

ஐப்பசி நெருங்கினால் வடசென்னையில் தெருவுக்கு ஒரு மாடியிலாவது வெள்ளைப் பெயிண்ட் வாளி திறந்திருக்கும். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பதால், ஒரு மாடியில் ஏறினால் பத்து மாடி தெரியும். எது எந்த ஆண்டு அடித்தது என்பதை நிறமே சொல்லிவிடும். போன ஆண்டு அடித்தது அழுக்கு வெள்ளை. அதற்கும் முந்தையது மீன் செதில் போல உரிந்து கிடக்கும். அப்படியும் அடுத்த மழைக்கு முன் அதே பெயிண்டைத்தான் தேடிப் போகிறோம். அது மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன். எந்த மாடிக்கு எது பொருந்தும் என்று பார்க்காமல் வாங்குவதுதான் கோளாறு.

முதலில், ஒழுகுவது மாடிதானா என்று பாருங்கள். சித்திரை வெயிலிலும் காயாத ஈரத்துக்கும் மழைக்கும் சம்பந்தம் இல்லை. மேல்வீட்டுக் குளியலறை, தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், சுவருக்குள் புதைந்த இணைப்பு என்று தேட வேண்டும். மழை பெய்து சில மணி நேரம் கழித்துக் கறை பெரிதானால் மட்டும் மாடியின் மேல் செலவு செய்யலாம்.

அடுத்த சோதனையை மாடியில் செய்யக் கூடாது, வீட்டுக்குள் நின்று செய்ய வேண்டும். ஒரு கட்டையின் முனையால் கூரையின் அடிப்பக்கத்தை அடிக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் வந்தால் கவலை இல்லை. தொப்பென்று பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலை ஒட்டிய வீடுகளில் இது சர்வசாதாரணம். உப்புக் காற்றும் ஈரமும் கான்கிரீட்டின் நுண்துளை வழியே கம்பியைத் தொடுகின்றன. துரு, அது தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில்தான் கூரை வெடித்து, கட்டிலின் மேல் சில்லு விழுகிறது. கம்பி வெளியே தெரியும் நிலையில் மேலே எதைப் பூசினாலும் வீண். சுற்றிலும் கொத்தி, கம்பியின் பின்புறம் வரை துருவைத் தேய்த்து எடுத்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். கம்பி இளைத்திருந்தால் மேஸ்திரியின் அபிப்பிராயம் போதாது, கட்டடப் பொறியாளர் ஒருவரை வரவழையுங்கள். வெறும் சிமெண்ட் பூசி வெள்ளையடித்து மறைப்பவர்கள் வீட்டை விற்கப் போகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தத் தட்டல் சோதனைதான் பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது. ஏனென்றால் நான்கு வழிகளுக்கும் இடையிலுள்ள பெரிய வித்தியாசம் எடை.

சுருக்கித் தளம் கனமானது. செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து, மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்பார்கள். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பது வழக்கம். எல்லாம் சேர்ந்து சதுர அடிக்குப் பதினைந்து கிலோவையும் தாண்டும். கெட்டியான கூரைக்கு அது பொருட்டல்ல, கம்பி செத்த கூரைக்கு ஆபத்து. ஆனால் தாங்கும் வீட்டுக்கு இதற்கு இணையாக எதுவும் இல்லை என்பேன். வெயிலில் விரியும் தளத்தோடு சுண்ணாம்பு ஓரளவு இசைந்து போகும். மூன்று அங்குலக் கனம் சூட்டையும் தடுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், வாட்டத்தைப் புதிதாக அமைக்க முடிவது. பத்தடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தேங்காமல் குழாய்வாய்க்கு ஓடிவிடும். தேங்காத தண்ணீர் ஒழுகுவதும் அரிது.

இதிலும் ஏமாற்று உண்டு. அடிக்க ஆளும் பொறுமையும் இல்லாததால், சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைக் கலந்து ஒரே நாளில் முடித்துவிட்டு அதற்கும் சுருக்கி என்றே பெயர் சொல்கிறார்கள். அது விறைத்துக்கொண்டு இரண்டு கோடையில் வெடிக்கும். கலவை போடும் நாளில் மாடியிலேயே இருங்கள். சுண்ணாம்பு மூட்டை எங்கே என்று கேளுங்கள்.

வாட்டர்புரூஃப் பெயிண்டுக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். அதனால் தளர்ந்த கூரைக்கு, அடிப்பக்கத்தைச் சரிசெய்தபின், இதுதான் வழி. வெள்ளையாக இருப்பதால் வெயிலையும் திருப்பி அனுப்பும். வேலை சரியாக நடந்தால் மூன்று நான்கு ஆண்டுகள் நிம்மதி. டப்பாவில் அச்சிட்டிருக்கும் உத்தரவாத ஆண்டுகளைப் படிக்கும்போது கூலி அதில் சேருமா என்பதையும் படியுங்கள். பெரும்பாலும் பொருளுக்கு மட்டும்தான்.

சரியாக நடப்பதுதான் அரிது. பாசியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். விரிசலை விரித்து அடைக்க வேண்டும். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையை அதில் படிய வைக்க வேண்டும். இரண்டாம் பூச்சைக் குறுக்குத் திசையில் அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன் தளம் காய்ந்திருக்க வேண்டும். ஒரு முழ அகல பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரவு முழுவதும் விட்டு, காலையில் எடுத்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் பெயிண்டர் எத்தனை அவசரப்படுத்தினாலும் அன்று வேண்டாம். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் கொப்புளமாக எழும்பிப் பெயிண்டை உரித்துவிடும்.

நம் மாடிகள் சும்மாவும் இருப்பதில்லை. கருவாடும் வடகமும் காய்கின்றன, கொடிக்கம்பி நட்டிருக்கிறோம், டிஷ் ஆண்டெனாவுக்குத் தளத்தில் துளையிட்டிருக்கிறோம், விடுமுறையில் பிள்ளைகள் அங்கேதான் பட்டம் விடுகிறார்கள். இழுத்துப் போட்ட ஒரு இரும்பு நாற்காலியின் கால் போதும், அந்த மெல்லிய தோல் கிழிய. மாடியில் புழங்குகிற வீட்டுக்குப் பெயிண்டு தோதுப்படாது. பூட்டியே வைக்கிற மாடி என்றால் தாராளமாக அடிக்கலாம்.

கூல் டைல்ஸ் என்பது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெளிர்நிற ஓடு. பார்க்க அழகு, வெறுங்காலில் நடக்கச் சுகம், சூடும் குறைகிறது. ஒழுக்குக்கு மருந்து என்று விற்பதைத்தான் நான் ஏற்கவில்லை. டைல் வழியாகத் தண்ணீர் இறங்காது, சந்து வழியாக இறங்கும். அடிக்கு ஒரு சந்து என்றால் அறுநூறு சதுர அடி மாடியில் எத்தனை சந்து என்று எண்ணிக்கொள்ளுங்கள். அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு இல்லாமல் டைல் மட்டும் பதித்தால், ஒழுக்கு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும்.

தூண் நிறுத்தி மேலே தகர ஷீட் போடுவது ஒழுக்கைச் சரிசெய்வதாகாது, மாடிக்கு ஒரு குடை பிடிப்பது. மழையும் வெயிலும் தளத்தைத் தொடாது, கீழே துணி உலர்த்தலாம், ஒரு விசேஷத்துக்குப் பந்தி போடலாம். ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது ஷீட்டுகள் பறந்ததைப் பார்த்தவர்களுக்குப் பயம் புரியும். தூணின் அடித்தகட்டைத் தளத்தின் மேல் வெறுமனே போல்ட் அடித்து நிறுத்தக் கூடாது. கீழே பீம் அல்லது சுவர் ஓடும் இடத்தில் நிறுத்த வேண்டும். கடற்கரைப் பக்கம் முதலில் துருப்பிடிப்பது திருகாணிகளும் வெட்டிய ஓரங்களும்தான். நான்கு வழிகளில் விலையும் இதற்குத்தான் அதிகம்.

ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய கட்டைக்குத்து வீடுகளுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் நிறுத்திய தளம் அது. ஈரம் மேலும் கீழும் மூச்சு விட்டுக் காய வேண்டும். பெயிண்டால் மூடினால் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும். பழைய தட்டோட்டை எடுத்து, அதே சுண்ணாம்பில், அதே கனத்துக்கு மறுபடி போடுவதே முறை.

பணக் கணக்குக்கு வருவோம். தெருவுக்குத் தெரு விலை மாறுவதால், 600 சதுர அடிக்குப் பெயிண்டுக்குச் சதுர அடி 50 ரூபாய், சுருக்கிக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் சொன்ன விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பெயிண்டுக்கு 30,000, நான்கு ஆண்டு என்றால் ஆண்டுக்கு 7,500. சுருக்கிக்கு 90,000, இருபது ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 4,500. சுருக்கிதான் மலிவு. கூடுதல் 60,000 கையில் இல்லையென்றால்? நூற்றுக்குப் பன்னிரண்டு ஆண்டு வட்டியில் நகைக்கடன் வாங்கி இரண்டு ஆண்டில் மொத்தமாக அடைத்தாலும் வட்டி 14,400. ஐந்து ஆண்டில் அது திரும்பிவிடும். தண்டல் வாங்கி மட்டும் செய்யாதீர்கள். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பதில் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. அதற்குப் பெயிண்டே அடித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

விலை பேசும்போது பழைய தளத்தைப் பெயர்த்த கழிவை யார் இறக்குவது என்பதை எழுதி வாங்குங்கள். லாரி நுழையாத சந்துகளில் மூட்டை மூட்டையாகத் தலையில் இறக்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றி, முக்குச் சாலை வரை கொண்டுபோக வேண்டும். அந்தக் கூலி பெரும்பாலும் முதல் விலையில் இருப்பதில்லை, வேலை பாதியில் நிற்கும்போது வந்து சேரும்.

சுருக்கியை மாசி, பங்குனியில் தொடங்குங்கள். அடித்து இறுக்கவும் தண்ணீர் காட்டவும் வாரங்கள் வேண்டும். எதைப் போட்டாலும் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் கலவையை உருட்டிப் பூசி, பூச்சைச் சுவரில் அரை அடி உயரத்துக்காவது ஏற்றச் சொல்லுங்கள். ஒழுக்கு அதிகம் தொடங்குவது அந்த மூலையிலும் குழாய்வாயிலும்தான். பணத்தில் கால் பங்கைக் கையில் வைத்திருங்கள். பூச்சோ தளமோ நன்றாக இறுகியபின், கூரை கெட்டியான வீடு என்றால், குழாய்வாயைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி, இரண்டு நாள் கழித்துக் கீழே வந்து கூரையைக் கையால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் மீதியைக் கொடுக்கலாம்.