மேட்டுப்பாளையம் ரோடா, சத்தி ரோடா, பொள்ளாச்சி ரோடா: பகலில் வீட்டில் இருப்பவர் கணக்கு

கோயம்புத்தூரில் வேலை, டவுனுக்குள் வீடு வாங்க வழியில்லை என்று ஆகிவிட்டால் பேச்சு கடைசியில் இந்த மூன்று ரோட்டில் வந்து நிற்கும். ஆர்.எஸ்.புரத்தில் சென்ட் விலை கேட்டுத் திரும்பியவர்கள் அடுத்து வடவள்ளியைக் கேட்பார்கள். சிறுவாணித் தண்ணி, மருதமலைக் காற்று என்று அதுவும் விலையில் டவுனாகவே ஆகிப் போச்சு. அதனால் வடவள்ளியை இங்கே எடுக்கவில்லை.

எங்கள் சொந்தத்தில் மூன்று ரோட்டிலும் ஆள் இருக்கிறார்கள். நாங்கள் பெரியநாயக்கன்பாளையம் தாண்டி. மச்சான் குடும்பம் சத்தி ரோட்டில், அதாவது சத்தியமங்கலம் ரோட்டில், குரும்பபாளையம் பக்கம். சின்னம்மா வீடு கிணத்துக்கடவு. சீர், விசேஷம் என்று கூடினால் எந்த ஏரியா உசத்தி என்ற வாக்குவாதம் வராமல் போகாது. கவனித்துப் பார்த்தால், சத்தமாகப் பேசுவதெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். எத்தனை நிமிஷத்தில் ஆபீஸ், எந்த சிக்னலில் எவ்வளவு நேரம் என்பதுதான் அவர்கள் கணக்கு. காலையில் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஆளுக்கு ஊர் என்பது பேக்கரியும் பெட்ரோல் பங்க்கும்தான். ஊரில் முழுசாகக் குடியிருப்பது அவருடைய அம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, பகலில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள். அந்தப் பக்கம் நின்று கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது.

வேலைக்குப் போகிறவர் கணக்கையும் தள்ளிவிட முடியாது, அதையே முதலில் பார்த்துவிடலாம். இதில் மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு மட்டும் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது: ரயில். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873இல் போட்ட பாதை. துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை எல்லாம் அதில் வரும். காரமடையில் ஏறினால் கோவை ஜங்ஷனுக்கு 10 ரூபாய் டிக்கெட். சாயிபாபா காலனி நெரிசலில் பஸ் உறுமிக்கொண்டு நிற்கும் நேரத்தில் ரயில்காரர் வடகோவையில் இறங்கிவிடுவார். ஆனால் ஒற்றைத் தண்டவாளம். ஒரு வண்டியை விட்டால் அடுத்தது வர வெகுநேரம் ஆகும். ஆபீஸ் காந்திபுரத்தில் என்றால் ஸ்டேஷனிலிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும், பீளமேட்டில் என்றால் ரயிலை மறந்துவிடலாம். சைட்டு விற்கிறவர்கள் ‘ஸ்டேஷனுக்கு மிக அருகில்’ என்று போர்டு வைக்கிறார்கள். எந்தெந்த நேரத்துக்கு ரயில் என்று போர்டில் யாரும் எழுதுவதில்லை.

சத்தி ரோட்டின் கதை நேரெதிர். சரவணம்பட்டி, கீரணத்தம் ஐடி கம்பெனிகளில் வேலை என்றால் இதுதான் பக்கம், வேறு பேச்சே வேண்டாம். ஆனால் அதே காரணத்துக்காக மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் ஒரே ரோட்டில் இறங்குகிறது. கணபதி தாண்டி அத்திப்பாளையம் பிரிவு வரும்போதே பொறுமை போய்விடும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். இந்த ரோட்டில் சைட்டு வாங்கிய பலருக்கு மெட்ரோ ரயில் வரும் என்பது பெரிய நம்பிக்கை. திட்டத்தில் அவிநாசி ரோட்டோடு சத்தி ரோடும் இருந்தது உண்மைதான். 2025 நவம்பரில் மத்திய அரசு அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. நாளைக்கு மறுபடி வரலாம். அதை நம்பி இன்றைக்கே சென்ட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பொள்ளாச்சி ரோடு 2024 ஆகஸ்ட்டுக்குப் பிறகு வேறு ரோடு. உக்கடம் மேம்பாலம் திறக்கும் முன் அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும், ஆத்துப்பாலம் தாண்டுவதே ஒரு வேலை. இப்போது பஸ் அங்கே பறந்துவிடுகிறது, சுந்தராபுரத்தில் மாட்டிக்கொள்கிறது. ஈச்சனாரி தாண்டிவிட்டால் நல்ல அகலமான ரோடு. பொள்ளாச்சி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதால் நின்று காத்திருக்கும் பேச்சே அதிகம் இல்லை. இங்கும் அகலப்பாதை ரயில் இருக்கிறது, கிணத்துக்கடவில் ஸ்டேஷனும் இருக்கிறது. ஆனால் தினசரி வேலைக்கு அதை மட்டும் நம்பி வீடு வாங்கும் அளவுக்கு வண்டிகள் இல்லை.

நிமிஷக் கணக்கு இவ்வளவுதான். இனி தண்ணி.

கொங்கு நாட்டில் வீடு பார்க்கப் போகும் பெரியவர்கள் வாசக்கால் பார்க்கும் முன் குழாயைத் திறந்து வாயில் வைத்துப் பார்ப்பார்கள். உப்புத்தண்ணியா நல்லதண்ணியா என்பதில்தான் பாதி முடிவு. மேட்டுப்பாளையம் ரோட்டில் பவானியும் பில்லூரும் பக்கம் என்பதால் நல்லதண்ணி பெரிதாக ஏமாற்றியதில்லை, எங்களுக்கு முறை தள்ளிப்போகும், அவ்வளவுதான். கிணத்துக்கடவுக்கு ஆழியாற்றுப் பக்கமிருந்து வருகிறது. சின்னம்மா தொட்டி நிறைய பிடித்து வைத்துக்கொள்வார், புகார் சொல்லி நான் கேட்டதில்லை. சத்தி ரோட்டில்தான் இடி. சரவணம்பட்டி 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்குள் இருக்கும் தெருவுக்கும், கொஞ்சம் தள்ளி ஊராட்சியில் இருக்கும் தெருவுக்கும் தண்ணி கதை ஒன்றல்ல. மச்சான் வீட்டில் போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டியது, வருவது உப்பு. பங்குனி பிறந்தால் லாரித் தண்ணி. லோடு வரும் நேரத்துக்கு யாராவது வீட்டில் இருக்க வேண்டும், அந்த யாரோ ஒருவர் எப்போதும் என் அக்காதான். மச்சானுக்கு ஆபீஸ் பத்து நிமிஷம். அந்த மிச்ச நேரத்தை அக்கா தண்ணி வண்டிக்குப் போன் போட்டுக் கழிக்கிறாள். ‘ஏனுங்க, பக்கத்துல ஆபீஸ்னு சொன்னீங்களே, ஒரு நாளாச்சும் தண்ணி புடிக்க வந்தீங்களா?’ என்று அவள் கேட்டபோது மச்சானிடம் பதில் இல்லை.

அடுத்தது பஸ். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்பது 2021 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. இது வீட்டுக் கணக்கையே மாற்றிய விஷயம். எங்கள் அம்மா துடியலூர் போகவும், கண் டாக்டரைப் பார்க்கவும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் அரசு டவுன் பஸ்ஸில் மட்டும்தான் அது. கோவையில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன, அதில் டிக்கெட் எடுக்க வேண்டும். பொள்ளாச்சி ரோட்டில் அடிக்கடி வருவதோ புறநகர் பஸ், அதிலும் காசு. பஸ் எண்ணிக்கையில் முதலிடம் சின்னம்மாவுக்கு, காசு மிச்சத்தில் எங்கள் அம்மாவுக்கு. அக்காவுக்கு மெயின் ரோடு வரை வருவதற்கே ஸ்கூட்டி வேண்டும். சத்தி ரோட்டில் சைட்டுகள் ரோட்டை விட்டு உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கின்றன. தெருவிளக்கும் தார் ரோடும் நிதானமாகப் பின்னால் வருகின்றன.

கடை, ஓட்டல், பள்ளிக்கூடம் என்று பார்த்தால் சத்தி ரோட்டை அடிக்க ஆளில்லை. ராத்திரி பதினோரு மணிக்கும் ஏதாவது திறந்திருக்கும். பிள்ளைகளுக்கு அந்த ஊர்தான் பிடிக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது. கிணத்துக்கடவில் எட்டரைக்கு மேல் ஊர் அடங்கிவிடும். தக்காளி, காய்கறி மட்டும் அங்கே மலிவு, மார்க்கெட்டே ஊருக்குள் இருக்கிறது.

காற்றுக்கு மார்க் போடச் சொன்னால் கிணத்துக்கடவுக்கு முழு மார்க். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆடியில் கொடியில் துணியை நிற்க விடாது. வைகாசிக் கடைசியிலேயே சாரல் தொடங்கிவிடும், சின்னம்மா வீட்டில் மத்தியானம் ஃபேன் ஓடாது. எங்கள் பக்கமும் மலையடிவாரம் என்பதால் பரவாயில்லை. ஆனால் அந்த மலையிலிருந்து காற்று மட்டும் இறங்குவதில்லை. ரயில் பாதைக்கு மேற்கே தோட்டத்துப் பக்கம் யானை வரும், காட்டுப்பன்றி வரும். விடியற்காலை நடை போகிறவர்கள் வாட்ஸ்ஆப் குழுவைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார்கள். இன்னொரு தொந்தரவு ஊட்டி. சீசனிலும் தொடர் விடுமுறையிலும் மேட்டுப்பாளையம் ரோடு எங்களுடையதாக இருப்பதில்லை. 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வாங்க வேண்டும் என்று வந்தும், சனிக்கிழமை காலையில் ரோட்டைக் குறுக்கே கடக்க நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இடையில் சோமனூரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கணவன் கோவையிலும் மனைவி திருப்பூரிலும் வேலை பார்க்கும் வீடுகளுக்கு இந்த மூன்று ரோடும் உதவாது. ஈரோடு–கோவை மெயின் லைனில் இருப்பதால் சோமனூரில் இரண்டு பக்கமும் ரயில் கிடைக்கும். தறிச் சத்தத்தில் தூங்கப் பழக வேண்டும், பழகிவிடும் என்கிறார்கள்.

என்னைக் கேட்டால், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மேட்டுப்பாளையம் ரோடு, அதிலும் டவுன் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில். இரண்டு பேரும் ஐடி, சமையலுக்குக்கூட ஆள் என்றால் சத்தி ரோடு, ஆனால் மாநகராட்சிக் குழாய் இருக்கும் தெருவாகப் பார்த்து. ஓய்வு பெறப் போகிறவர், அல்லது குறிச்சி சிட்கோவில் வேலை என்றால் பொள்ளாச்சி ரோடு. கிணத்துக்கடவுவரை போக மனசில்லாதவர்களுக்கு ஒத்தக்கால்மண்டபம் இருக்கிறது. எந்த ரோடாக இருந்தாலும் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இல்லாத சைட்டு வேண்டாம். 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனை, அப்ரூவல் இல்லாவிட்டாலும் பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம் என்று சொன்னால், செய்து முடித்த ஆர்டரைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

முடிந்தால் வாங்கும் முன் அதே தெருவில் ஒரு லைன் வீட்டை வாடகைக்குப் பிடித்து பங்குனி, சித்திரையைக் கழித்துப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் அளவுக்குப் பொறுமை இல்லையென்றால், அந்தத் தெருவுக்குத் தண்ணி லோடு அடிக்கும் லாரிக்காரரைப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கோடையில் மாதத்துக்கு எத்தனை லோடு என்று கேளுங்கள். புரோக்கர் சொல்வதற்கும் அவர் சொல்வதற்கும் ஏழெட்டு லோடாவது வித்தியாசம் இருக்கும்.