மீன் தொட்டியும் பூனையும் உள்ள வீட்டில் எயார் பிரெஷ்னர்: என் 4 வருட அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் யன்னலைத் திறந்து விட்டால் போதும், வீட்டுக்குள் எந்த மணமும் தங்காது. வாடைக்காற்று தொடங்கினால்தான் கரைச்சல். விடாத மழை, யன்னலெல்லாம் பூட்டு, சோபா மெத்தையிலிருந்து அலுமாரி வரை பூஞ்சண மணம், அதோடு பூனையின் மண் தட்டும் குசினியில் பொரித்த கருவாடும் சேர்ந்துகொள்ளும். அப்படித்தான் எயார் பிரெஷ்னர் வாங்கத் தொடங்கினேன். இந்த 4 வருடத்தில் ஸ்பிரே, குச்சி செருகிய எண்ணெய்ப் போத்தல், பிளக்கில் போடுவது, ஜெல் என்று எல்லா வகையையும் பாவித்துப் பார்த்துவிட்டேன். வீட்டில் இருப்பது சுமார் 100 லீற்றர் தொட்டி ஒன்று, அதில் கப்பிகளும் கௌராமிகளும், ஒரு பூனை, 2 சோடி லவ் பேர்ட்ஸ்.

முதல் வருடம் ஒரு நாள் விருந்தாட்கள் வருகிறார்கள் என்று பூட்டிய ஹோலில் ஸ்பிரேயை நன்றாக அடித்துவிட்டேன். தொட்டிக்குப் பக்கத்து மேசையில்தான் எயார் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. இரவு பார்த்தால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. விடிய 2 கௌராமி செத்துக் கிடந்தன. மூடி போட்ட தொட்டிதானே, உள்ளே எப்படிப் போகும் என்று நினைத்திருந்தேன். பம்ப் காற்றை எங்கிருந்தோ உண்டாக்குவதில்லை, அறையில் இருக்கிற காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் குமிழி குமிழியாக விடுகிறது. அறையில் அடித்ததை நானே குழாய் வைத்துத் தொட்டிக்குள் ஊதியிருக்கிறேன். கௌராமி, பைட்டர் மாதிரி மீன்களுக்கு இன்னும் ஆபத்து, அவை நீர்மட்டத்துக்கு வந்து நேரே காற்றைக் குடிக்கிற சாதி.

அன்று மிச்ச மீன்களைக் காப்பாற்றியது இதுதான்: யன்னல்களைத் திறந்தேன், பம்பை விறாந்தைக்குக் கொண்டுபோனேன், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன் (குளோரின் நீக்கும் மருந்து விட்ட தண்ணீர், பைப்பிலிருந்து நேரே அல்ல), பில்டருக்குள் புது அக்டிவேட்டட் காபன் போட்டேன். வாசனைப் பொருட்களைக் காபன் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சில கிழமைகளில் நிறைந்துவிடும். பழையதை வைத்துக்கொண்டு காபன் இருக்கிறதுதானே என்று நம்பியிருக்கக் கூடாது.

அப்புறம் பம்பை நிரந்தரமாகவே விறாந்தைப் பக்கம் மாற்றி, நீளமான குழாயை யன்னல் இடுக்கால் உள்ளே எடுத்தேன். 4 வருடத்தில் நான் செய்த ஆக உருப்படியான வேலை அதுதான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், கரண்ட் போனவுடன் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குத் திரும்பி வரும். அதைத் தடுக்கிற சின்ன வால்வு மீன் கடைகளில் கிடைக்கும், கட்டாயம் போடுங்கள்.

குச்சி செருகிய எண்ணெய்ப் போத்தல் மீனுக்குப் பெரிய தொந்தரவு தரவில்லை, பூனைக்குத்தான் தந்தது. ஒரு நாள் போத்தலைத் தட்டிவிட்டு எண்ணெய்க்குள்ளேயே நடந்துவிட்டது. பூனை காலில் பட்டதை நக்கித்தான் சுத்தமாக்கும். நாயோ நாமோ சமாளிக்கிற பல வாசனை எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் நொதியம் பூனையின் ஈரலில் மிகக் குறைவு, யூக்கலிப்டஸ், ரீ ட்ரீ, கறுவா, சிட்ரஸ் எண்ணெய்கள் எல்லாம் அதற்கு நஞ்சுதான். பாத்திரம் கழுவும் திரவம் போட்டு உடனே காலைக் கழுவிவிட்டு மிருக வைத்தியரிடம் ஓடினோம். வாயால் எச்சில் வடிந்தது, தள்ளாடியது. பிழைத்துவிட்டது. இயற்கை எண்ணெய் என்று போத்தலில் எழுதியிருப்பதை நம்பி நான்தான் வாங்கினேன், அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதைக்கிறது.

பிளக்கில் போடுவதை 1 மாதம்கூடப் பாவிக்கவில்லை. நாள் முழுக்க விடாமல் வாசனையை விட்டுக்கொண்டே இருக்கும், லவ் பேர்ட்ஸ் இருக்கிற அறைக்கு அது சரிவராது. பறவைகளுக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. உள்ளே போகிற காற்றிலிருந்து நம்மைவிட நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், புகையையும் வாசனையையும் அப்படியேதான். ஜெல் பரவாயில்லை, கதவு பூட்டிய குளியலறையில் மட்டும், பூனைக்கு எட்டாத உயரத்தில்.

எயார் பிரெஷ்னரைவிட எனக்குப் பயம் நுளம்புத்திரியும் நுளம்பு ஸ்பிரேயும்தான். அவற்றில் இருக்கிற பைரெத்ரொயிட் வகை மருந்து மிகச் சிறிய அளவிலேயே மீனையும் இறாலையும் கொல்லும். டெங்கு உள்ள ஊரில் நுளம்பைச் சும்மா விடவும் முடியாது. நாங்கள் வலைக்கு மாறிவிட்டோம், திரி கொளுத்தினால் வீட்டுப் பின்புறத்தில், பம்ப் இருக்கிற பக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு அம்மாவோடு பேசித்தான் ஒரு வழிக்கு வந்தோம். "சாமிக்குப் போடாமல் இருக்க ஏலாது பிள்ளை, நீ வேணுமென்டால் குருவிக் கூட்டைக் கொண்டுபோய் அங்கால வை" என்றார். சரி, கூடு பின் அறைக்குப் போகும், தொட்டிக்குக் கண்ணாடி மூடி வரும், புகை அடங்கும் வரை யன்னல் திறந்திருக்கும்.

இப்போது ஹோலில் எந்த வாசனையும் பாவிப்பதில்லை. மூடியில் ஓட்டை போட்ட போத்தலில் அப்பச்சோடா வைத்திருக்கிறேன் (திறந்து வைத்தால் பூனை தின்னும், கூடுதலாகத் தின்றால் அதுவும் கூடாது), மண் தட்டைத் தினமும் 2 தடவை அள்ளுகிறேன், வெயில் கண்ட நாளில் மெத்தையை வெளியே போடுகிறேன். தொட்டி மணத்ததற்குக் காரணம் நான் அள்ளிப் போட்ட தீன்தான் என்பது பிந்தித்தான் விளங்கியது, தீனைக் குறைத்ததும் அந்த மணம் நின்றுவிட்டது. விறாந்தைக் குழாய் வெயிலில் இறுகி வெடிக்கத் தொடங்கியிருக்கிறது, இந்த மாரி தொடங்க முன் மாற்ற வேண்டும்.